28-26

போன ஞாயித்துக்கிழமை காலைல ஷட்டில் ஆட்டம் முடிஞ்சு வெளிய பெஞ்ச்ல ஒக்காந்து ஷூ கழட்டிட்டு இருக்கும்போது அண்ணன் மெதுவா சொன்னாரு, "முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாருப்பா, இனிமே குதிக்கக் கூடாதாம், நீ வேற ஜோடி பாத்துக்க"ன்னு. எனக்கு என்ன பதில் சொல்றதுன்னே தெரியல. கழட்டுன ஷூவக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே ஒக்காந்திருந்தேன்.

அண்ணன்னா கூடப் பொறந்தவர் இல்லீங்க. சேலம் செவ்வாப்பேட்டைல வெள்ளிக் கொலுசு பட்டறை வெச்சிருக்காரு, என்னைவிட ஒம்போது வயசு மூத்தவரு. 2006ல இருந்து நாங்க டபுள்ஸ் ஜோடி, அவரு முன்னாடி, நான் பின்னாடி. கொலுசுல சலங்கைய நெருப்புல பத்த வெச்சு ஒட்டியே பழகுன கை, கொஞ்சங்கூட நடுங்காது, அவரு கிட்டக்க விழற மாதிரி போடற ஷார்ட் சர்வீஸ் நெட்டுக்கு மேல ஒரு விரக்கடைதான் போகும். எதிராளி தூக்கிக் குடுத்துதான் ஆகணும், தூக்கினா நான் பின்னாடில இருந்து அடிப்பேன். இத்தனை வருஷமா எங்க ஆட்டமே இதுதான்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்ததுல இருந்து சைனாவோட டபுள்ஸ் ஆட்டக்காரர் ஃபூ ஹைஃபெங் ஞாபகமாவே இருக்கு. அவரப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டே இருந்தேன், இப்ப எழுதிடறேன்.

சைனா பேட்மிண்டன்னு சொன்னா ஷட்டில் ஆடற எவனும் லின் டான் பேரைத்தான் சொல்லுவான். ஃபூ ஹைஃபெங்க டபுள்ஸ் பைத்தியம் புடிச்சவங்களுக்குத்தான் தெரியும். குவாங்டாங் மாகாணத்துக்காரரு, 2016 வரைக்கும் சைனாவுக்கு டபுள்ஸ்ல பின்னாடி நின்னு அடிச்ச கை அவரோடதுதான். 2005ல சுதிர்மான் கப்புங்கற உலக டீம் போட்டில அவரு அடிச்ச ஒரு ஸ்மாஷ, அதாவது எம்பி ஓங்கி அடிக்கற அடிய, மணிக்கு 332 கிலோமீட்டர்னு அளந்தாங்க, அப்புறம் ரொம்ப வருஷம் எங்க கோர்ட்டுல எல்லாரும் அந்த நம்பரத்தான் சொல்லிட்டு இருப்போம். 2023ல நம்ம சாத்விக் ஜப்பான்ல ஒரு டெஸ்ட்ல 565 அடிச்சாரு, அது மேட்ச்ல அடிச்சது இல்ல, பேட்டும் அளக்கற மெஷினும் மாறிடுச்சு, அதனால ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாக்கறது சரியில்ல.

எனக்கு அவருகிட்ட பிடிச்சது வேகங்கூட இல்ல. டபுள்ஸ்ல ஒரே அடில பாயிண்ட் வராது, எதிர்ல ரெண்டு பேரு பக்கத்துல பக்கத்துல நின்னு எடுத்துருவாங்க, நீ திரும்பத் திரும்ப அடிக்கணும், ஒவ்வொரு தடவையும் பின்னங்கோட்டுக்கு ஓடி காக்குக்கு (எறகுப் பந்துக்கு) பின்னாடி போய்ச் சேந்து எம்பி அடிக்கணும், நாலாவது அடிக்கு மேல எங்க மாதிரி ஆளுங்களுக்குத் தோள் எறங்கிடும், காக் நெஞ்சு உசரத்துக்குப் பறந்து போகும், எதிராளிக்கு அல்வா. ஃபூவுக்கு ஆறாவது அடியும் மொத அடி மாதிரியே செங்குத்தா தரைக்கு எறங்கும். அதுவும் கோட்டுப் பக்கமா அடிக்க மாட்டாரு, ரெண்டு பேருக்கும் நடுவுல, இல்லேன்னா பேட்டு புடிச்ச கையோட இடுப்புக்கு. அந்த எடத்துல வந்தா கைய மடக்கறதுக்குள்ள காக் தாண்டிடும்.

அவருக்கு முன்னாடி நின்னவரு சாய் யுன். சுஜோ பக்கத்து ஆளு, ஃபூவ விட மூணு நாலு வயசு மூத்தவரு. ரெண்டு பேரும் சேந்து 2006 மாட்ரிட்ல மொத உலக சாம்பியன்ஷிப் ஜெயிச்சாங்க. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ், சொந்த ஊரு, ஃபைனல், இந்தோனேஷியாவோட மார்கிஸ் கிடோ, ஹென்ட்ரா செட்டியவான் ஜோடிகூட மொத கேம 21-12ன்னு சுளுவா எடுத்துட்டு அடுத்த ரெண்டையும் 11-21, 16-21ன்னு விட்டுட்டாங்க. சைனா அதுவரைக்கும் ஆண்கள் டபுள்ஸ்ல ஒலிம்பிக் தங்கமே வாங்கினது இல்ல, அப்படி ஒரு நாள்ல சொந்த சனங்க முன்னாடி தோத்துட்டு அடுத்த ஆட்டத்துக்கு ஒரு மனுசன் எப்படிக் கெளம்புவான்னு நான் பல தடவ யோசிச்சிருக்கேன்.

அடுத்த வருஷம் உலக சாம்பியன்ஷிப் ஹைதராபாத்ல. 2009 ஆகஸ்ட். நானும் அண்ணனும் சேலம் ஜங்ஷன்ல சபரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். பன்றிக் காய்ச்சல் பயம் நாடு பூரா இருந்த நேரம், கர்ச்சீப்ப மூக்குல கட்டிக்கிட்டு பாதிப் பேரு, வீட்டுல வேண்டாம்னு எவ்வளவோ சொன்னாங்க. பாதுகாப்பு சரியில்லன்னு இங்கிலாந்து டீம் ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே விலகிட்டாங்க. அண்ணன் பட்டறைய ரெண்டு நாள் பூட்டிட்டு வந்தாரு, முகூர்த்தத்துக்கு ஆர்டர் குவிஞ்சு கெடக்கற ஆவணி மாசம் பொறக்கற சமயம், அப்படியும் வந்தாரு.

கச்சிபௌலி ஸ்டேடியம், 16ஆம் தேதி ஃபைனல். எதிர்ல கொரியாவோட ஜங் ஜே சுங், லீ யோங் டே. மொத கேம் 21-18 சைனா, ரெண்டாவது 21-16 கொரியா. மூணாவது கேம் 20-20 ஆச்சு. ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வந்தாத்தான் முடியும், இல்லேன்னா 30 வரைக்கும் போகும். 21-21, 22-22, 23-23, ஒருத்தரு ஏறினா அடுத்தவங்க ஒடனே புடிச்சிடறாங்க, 26-26 வரைக்கும் இப்படியே. ஒவ்வொரு சமத்துக்கும் நடுவுல யாரோ ஒருத்தருக்கு மேட்ச் பாயிண்ட், அந்தந்த நேரத்துல ஹால் அப்படியே மூச்சப் புடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கடைசில 28-26. ஃபூ ஜெயிச்சாரு. நான் தொண்ட கட்டற வரைக்கும் கத்தினேன்.

அப்ப அண்ணன் என் தோளத் தட்டி ஒண்ணு சொன்னாரு. "நீ அடிக்கறவனையே பாத்துட்டு இருக்க. முன்னாடி நிக்கறவன் காலப் பாருப்பா." நான் பாக்கல. அந்த மாதிரி ஆட்டத்துல ஃபூவ விட்டுட்டு வேற எங்க கண்ணு போகும்?

அந்த ஜங் ஜே சுங் 2018ல 35 வயசுலயே மாரடைப்புல போய்ட்டாரு. பெய்ஜிங்ல ஜெயிச்ச கிடோ 2021ல ஷட்டில் ஆடிட்டு இருக்கும்போதே விழுந்து எறந்தாரு, 36 வயசு. ரெண்டு செய்தியும் வந்த அன்னைக்கு எங்க கோர்ட்டுல லைட்ட அணைச்சுட்டு ஒரு நிமிஷம் நின்னோம். எதிர்ல நின்னவங்கதான், ஆனா அவங்க இல்லாம அந்த ஆட்டங்க இல்ல.

2010 பாரிஸ், 2011 லண்டன், உலக சாம்பியன்ஷிப் வரிசையா மூணு, மொத்தம் நாலு. அப்புறம் 2012 ஆகஸ்ட் 5, லண்டன் ஒலிம்பிக்ஸ் ஃபைனல், டென்மார்க்கோட மதியாஸ் போ, கார்ஸ்டன் மோகன்சன் ஜோடி கூட. அன்னைக்கு நாங்க ஏற்காட்டுல நாகலூர் பக்கம் ஒரு சிநேகிதர் வீட்டுல இருந்தோம். கரண்ட் கட்டு உச்சத்துல இருந்த வருஷம், ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. மொத கேம் 21-16 முடிஞ்சுது, ரெண்டாவது ஆரம்பிச்சதும் டிவி அணைஞ்சுது. வெளிய ஒரே மூடுபனி, சில்வர் ஓக் மரத்துல இருந்து தண்ணி சொட்டற சத்தந்தான். சேலத்துல இருந்து ஒரு பையன் போன் பண்ணி ஒவ்வொரு பாயிண்டா சொன்னான், ஸ்பீக்கர்ல போட்டு மூணு பேரும் மெழுகுவர்த்தி வெளிச்சத்துல கேட்டோம். 21-15. சைனாவோட மொத ஆண்கள் டபுள்ஸ் ஒலிம்பிக் தங்கம். ராத்திரி இருவது கொண்டை ஊசி வளைவும் அண்ணன் வண்டில பின்னாடி ஒக்காந்து எறங்கினேன், ரெண்டு பேரும் பேசிக்கவே இல்ல, அவ்வளவு நெறைவா இருந்துச்சு.

அங்கயே அவரு நிறுத்தியிருந்தாக்கூட பெரிய ஆளுதான். ஆனா சாய் யுனுக்கு வயசாச்சு, ஜோடி பிரிஞ்சுது. பத்து வருஷத்துக்கு மேல முன்னாடி நின்ன ஆளு இல்ல. புதுசா வந்தவரு ஜாங் நான், ஆறு வயசு சின்னவரு, ஏற்கெனவே லண்டன்ல ஜாவோ யுன்லெய் கூட மிக்ஸட், அதாவது ஆம்பளையும் பொம்பளையும் ஜோடியா ஆடற டபுள்ஸ்ல தங்கம் வாங்கினவரு. மிக்ஸட்ல பொதுவா ஆம்பள ஆளுதான் பின்கோர்ட்ட பாத்துக்குவாரு, அப்ப பாருங்க, பின்னாடி நின்னு பழகுன ரெண்டு பேரு ஒரே பக்கத்துல. ஃபூ, "எனக்கு இன்னொரு சாய் யுன் வேணும்"னு நிக்கல. அவங்க மேட்ச்சுங்கள நான் பாத்த வரைக்கும் ஃபூ முன்ன விட நெறைய தடவ நெட்டுக்கு வந்து நிக்கறாரு, சின்னவன அடிக்க விட்டுட்டு முன்னாடி காத்துட்டு இருக்காரு, திரும்ப மாறிக்கறாங்க. முப்பது வயசு தாண்டின கைக்கு இது லேசுப்பட்ட காரியம் இல்ல.

2016 ஆகஸ்ட் 19 ரியோ. அந்தத் தேதி எல்லாருக்கும் தெரியும், நம்ம சிந்து கரோலினா மரின் கூட ஃபைனல் ஆடுன நாள், ஃபைவ் ரோட்ல கட கடையா டிவி முன்னாடி கூட்டம் நின்னுச்சு. ஆண்கள் டபுள்ஸ் ஃபைனலும் அன்னைக்குத்தான், அதப் பாத்தவங்க எங்க ஊர்ல நாலு பேரு இருந்தா அதிகம். மலேசியாவோட கோ வி ஷெம், டான் வீ கியோங். மலேசியாவுக்கு எந்த வெளையாட்டுலயும் ஒலிம்பிக் தங்கமே கெடையாது, அந்தப் பசியோட வந்தவங்க. 16-21, 21-11, மறுபடியும் மூணாவது கேம், மறுபடியும் 20-20, கடைசில 23-21. 32 வயசுல ரெண்டாவது தங்கம். அதுக்கப்புறம் தைவான் ஜோடி டோக்கியோ, பாரிஸ் ரெண்டுலயும் ஜெயிச்சாங்க, ஆனா அது அதே ஜோடி. ரெண்டு வேற வேற ஆளுங்க கூட ஆண்கள் டபுள்ஸ் தங்கம் வாங்கினவரு ஃபூ ஒருத்தருதான். ரியோவோட முடிச்சுக்கிட்டாரு.

எனக்கு இப்ப கெடைச்சிருக்கற ஜோடி சீலநாயக்கன்பட்டி பக்கம் ஒர்க் ஷாப்ல வேல பாக்கற பையன், 22 வயசு. அடி பயங்கரம். பின்னாடிதான் நிப்பான், வேற எங்கயும் நிக்கத் தெரியாது. அப்ப நான்தான் முன்னாடி போகணும்.

நேத்து ராத்திரி அந்த ஹைதராபாத் மூணாவது கேம திரும்பப் போட்டுப் பாத்தேன், சாய் யுன் கால மட்டும். ஃபூ எம்பறதுக்கு முன்னாடியே இவரு அரை அடி நகந்துடறாரு. பதில் எங்க வரும்னு தெரிஞ்ச மாதிரி, பேட்டு மூக்கு உசரத்துல, முட்டி மடங்கி. பின்னாடி திரும்பிப் பாக்கறதே இல்ல. பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்பத்தான் கண்ணுல படுது.

இன்னைக்குக் காலைல அஞ்சரைக்கே அண்ணன் வந்துட்டாரு. கோர்ட்டு ஓரமா ஒரு பிளாஸ்டிக் சேர் போட்டு, கால நீட்டி ஒக்காந்துக்கிட்டு, எதிர்ப்பக்கம் ஷார்ட் சர்வீஸ் கோட்டுல காலி காக் டப்பா ஒண்ண நிக்க வெக்கச் சொன்னாரு. "அது மேல விழணும், நூறு போடு." என் கட்டைவிரல் புடிக்கற எடத்த அவரே எழுந்து வந்து மாத்தி வெச்சாரு, கை அழுத்தமா இருக்குதுப்பா, பூவத் தள்ளற மாதிரி தள்ளுன்னாரு. நாப்பத்தி மூணாவதுல டப்பா விழுந்துச்சு. பையன் ஓடிப் போய் எடுத்து நிக்க வெச்சான்.