அனுமார் போட்ட கும்பினிக் காசு

நாணயக் கண்காட்சி எந்த ஊரில் நடந்தாலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மஞ்சள் துணி முடிச்சோடு ஒருவர் வந்துவிடுவார். முடிச்சுக்குள்ளே கனத்த செப்புக் காசு. ஒரு பக்கம் அனுமார், மறுபக்கம் ‘ஈஸ்ட் இந்தியா கம்பெனி, ஒன் அணா, 1818’.

“தாத்தா பெட்டியில இருந்துச்சுங்க. மூணு கோடி போகும்னு சொல்றாங்க.”

“யாருங்க சொல்றது?”

“வாட்ஸ்அப்ல வந்துச்சு.”

“அண்ணே, இதே மாதிரி எங்கிட்ட நாலு கிடக்கு. ஒண்ணு நூறு ரூபாய்க்குத் தர்றேன், வாங்கிக்கிட்டா உங்களுக்குப் பதினஞ்சு கோடி ஆயிடும்ல?”

வந்தவர் கோபித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போவார். அங்கேயும் நாலு கிடக்கும்.

இந்தக் காசில் தப்பு எங்கே என்று கேட்டால், தப்பில்லாத இடத்தைத் தேடுவதுதான் கஷ்டம். கும்பினியின், அதாவது ஈஸ்ட் இந்தியா கம்பெனியின், சீரான நாணய முறை 1835-ல்தான் வந்தது. அந்த வருஷத்து அரை அணாவில் ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கும்பினிச் சின்னம், மறுபக்கம் இலை வளையத்துக்குள் மதிப்பு, எடை 12.95 கிராம். ஓரணா பொதுப் புழக்கத்துக்கு வந்ததோ எட்வர்ட் மன்னர் தலையோடு, 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1616 என்று போட்ட ‘ராமர் பட்டாபிஷேக’ அரை அணா இன்னும் விசேஷம். அந்த வருஷம் ஆங்கிலத் தூதர் தாமஸ் ரோ ஜஹாங்கீரின் தர்பாரில் வியாபாரச் சலுகைக்காகக் கைகட்டி நின்றிருந்தார். சலுகைக்கே காத்துக் கிடந்த கும்பினி, ராமரை வைத்துக் காசு அடித்ததாம்.

வடக்கே கோயில்களில் பூஜைக்கு வைக்கும், ராமர் அனுமார் படம் போட்ட ராமடங்கா வில்லைகள் நிஜமாகவே உண்டு. அந்தப் படத்தோடு கும்பினி பெயரையும் ஒரு வருஷத்தையும் சேர்த்து யாரோ அச்சில் ஏற்றிவிட்டார்கள். இதையே ‘அரிசி இழுக்கும் காசு’ என்று விற்கும் கூட்டம் தனி. அரிசியில் இரும்புத் தூள், காசுப் பக்கம் காந்தம், வித்தை அவ்வளவுதான். கும்பினிக் காசு மேல் ஆசை இருப்பவர்கள், மெட்ராஸ் மாகாணத்துக்காக பர்மிங்ஹாம் சோஹோ ஆலையில் அடித்த 1808-ம் வருஷத்து இருபது காசைத் தேடலாம். ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் பாரசீக எழுத்து. இங்கே வரவேண்டியதில் ஒரு பகுதி, 1809-ல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கிய ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பலோடு கடலுக்குள் போனது.

போலி சேகரிப்பவர்களுக்கு அனுமார் காசில் சுவாரசியம் குறைவு. அந்தக் காலத்துக் கடைக்காரரையே ஏமாற்றப் பிறந்த போலிதான் அவர்களுக்கு மாணிக்கம். விக்டோரியா ரூபாயை ஈயமும் தகரமும் கலந்து வார்த்தவை இதில் ஒரு ரகம். மேற்பரப்பில் குட்டிக் குட்டிப் பருக்கள் இருக்கும். எழுத்தெல்லாம் கரைந்த சோப்பு மாதிரி மழுங்கியிருக்கும். விளிம்பைச் சுற்றி ஒட்டுத் தடமோ, அதை மறைக்க அரம் போட்ட கீறலோ தெரியும். செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசியது என்றால் தேய்மானம் முதலில் மேடான இடத்தில் வரும். மகாராணியின் கன்னம் சிவந்திருந்தால் அது வெட்கம் இல்லை, செம்பு.

சுண்டிப் பார்ப்பதை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். உள்ளே விரிசல் விட்டிருந்தால் நல்ல காசும் ‘டொக்’கென்றுதான் விழும். மாலையில் கோக்க வளையம் பற்றவைத்துப் பிறகு பிடுங்கிய காசும் நாதம் மாறியிருக்கலாம். விளிம்பில் பற்றுத் தடத்தைத் தேடுங்கள். காந்தமும் அப்படித்தான். வெள்ளி ஒட்டாது. ஆனால் புலி போட்ட 1947 ரூபாய் சுத்த நிக்கல். அது காந்தத்தில் ஒட்டாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

திருத்திய காசுகளில் ராஜா, ஆறாம் ஜார்ஜின் 1939 ரூபாய். அசல் 1939 அரிது, 1938 சாதாரணம், நடுவில் இருப்பது ஒரே ஒரு இலக்கம். எட்டின் கீழ்ச் சுழியில் இடது ஓரத்தைச் சுரண்டினால் ஒன்பது தயார். பத்து மடங்கு லென்ஸில், விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். சுரண்டிய இடம் சுற்றுப்புறத்தைவிடக் கொஞ்சம் பள்ளமாகவும், அளவுக்கு மீறிப் பளபளப்பாகவும் இருக்கும். கருவியின் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். அந்த இடத்தை மறைக்கக் காசு முழுவதையும் புளி போட்டுத் தேய்க்கும் மகானுபாவர்களும் உண்டு.

வெட்டித் திருத்தியது போக, புதிதாகவே வார்த்தவையும் சந்தையில் உண்டு. அதற்குத் தண்ணீர்ச் சோதனை. 0.01 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். முதலில் காசை எடை போடுங்கள்: வெள்ளி ரூபாய் என்றால் 11.66 கிராம், தேய்மானத்தால் கொஞ்சம் குறையலாம். பிறகு தண்ணீர் டம்ளரைத் தராசில் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை மெல்லிய நூலில் கட்டி, முழுக்க முங்கும்படி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தொங்கவிடுங்கள். குமிழி ஒட்டியிருந்தால் தட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கணக்கு கெடும். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. 91.7 சதவீத வெள்ளி என்றால் ஏறத்தாழ 1.13 கிராம் காட்டும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி என்றால் 1.22 பக்கம், செம்பு நிக்கல் கலவை என்றால் 1.30 பக்கம். 1938-ஐச் சுரண்டிய 1939 இதில் ஜம்மென்று தேறிவிடும். அதன் வெள்ளி நல்ல வெள்ளி. அதனால் லென்ஸில் பார்த்து முடிப்பதற்குள் டம்ளரை எடுக்காதீர்கள்.

இதைக் கண்காட்சியில் செய்வதாக இருந்தால், குடிக்க ஒரு பாட்டில் தண்ணீரும் மேசையில் இருக்கட்டும். காசு முங்கிய டம்ளரை எடுத்துக் குடித்துவிட்டு, “உப்புத் தண்ணியா சார்?” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.