தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும்

கண்டியில் ஏறிய ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. அட்டன், நானுஓயா தாண்டி பட்டிப்பொல வந்தபோது கை விறைத்துவிட்டது. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 1,900 மீட்டர்; இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அதுதான். நான் இறங்க வேண்டியது அப்புத்தளை. அங்கிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால், என் அப்பாவைப் பெற்ற அப்பாயி பிறந்த தேயிலைத் தோட்டம்.

நான் நீலகிரிக் கூடலூர்க்காரன். எங்கள் குடியிருப்பை ஊரில் இன்றும் ‘சிலோன்காரங்க லைன்’ என்றுதான் சொல்வார்கள். 1948இல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அப்பாயிக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. அவருடைய தங்கைக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. இந்தியாவுக்குக் கப்பலேற அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டுபோன ரயிலை ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று இங்கே சொல்கிறார்கள். பெயர் வைத்தவருக்கு வேறு சொல் எதுவும் தோன்றியிருக்காது.

நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தபடியே அப்பாயி சாகும்வரை கண்டிச் சீமையைப் பற்றிப் பேசினார். அங்கே பீலியில், அதாவது மலையூற்றுக் குழாயில், வரும் தண்ணி தேனாக இருக்குமாம், பக்கத்துக் காம்பராவில், அதாவது பக்கத்து அறையில், அடுப்பெரிந்தால் நமக்கும் பசியாறுமாம். நான் வளர்ந்ததே அந்தச் சொர்க்கத்தைக் கேட்டுத்தான். அவரே இன்னொரு கதையும் சொல்வார். அவருடைய பாட்டனார் பஞ்சத்தில் புதுக்கோட்டைப் பக்கமிருந்து கிளம்பியபோது, ஆள் கட்டவந்த கங்காணி சொன்னானாம்: “கண்டியில தூரைக் கிளறினா தேங்காயும் மாசியும் கிடக்கும்.” செடியின் அடியைக் கிளறினாலே தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்கும் என்ற இந்தப் பேச்சு எங்கள் குடும்பத்துச் சொத்து இல்லை, மலையகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தேயிலைக்கு முந்தைய கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தவர்கள், வழியில் காலராவில் செத்தவர்களைப் புதைத்துவிட்டு மேலே நடந்தது இப்படிப்பட்ட சொல்லை நம்பித்தான்.

ரயிலில் கம்பனெல்லாவின் ‘சூரிய நகரம்’ படித்துக்கொண்டு வந்தேன். அதற்காகவே கொண்டுவந்திருந்தேன். இத்தாலியத் துறவியான அவர் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 27 ஆண்டுகள் சிறையில் கிடந்தவர். 1602இல் நேப்பிள்ஸ் சிறையில் இருந்துகொண்டு ஒரு குறையில்லாத நகரத்தைக் கற்பனை செய்தார். அந்த நகரத்தை அவர் வைத்த இடம் தப்ரபேன். பழைய கிரேக்கர் இலங்கைக்கு இட்ட பெயர் அது. குன்றின்மேல் ஏழு வட்ட மதில்கள், உச்சியில் கோயில். யாருக்கும் தனிச்சொத்து கிடையாது, வீடு கிடையாது. எல்லாருக்கும் நாளுக்கு நான்கு மணி நேர வேலை. யார் யாருடன் எப்போது சேர்ந்து பிள்ளை பெறவேண்டும் என்பதைக்கூட அதிகாரிகள்தான் தீர்மானிப்பார்கள். அந்தப் பக்கத்தில் எனக்குக் குளிரெடுத்தது. அவர் அதையும் ஆசையாகத்தான் எழுதியிருக்கிறார்.

தோட்டத்து வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது அந்த மதில்கள்தான் ஞாபகம் வந்தன. உச்சியில் துரை பங்களா, அதன் கீழ் உத்தியோகத்தர் வீடுகள், அதற்கும் கீழே பள்ளத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம். பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள் வரிசையாக, முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு, நம் ஊர்த் திண்ணை மாதிரி. இங்கேயும் யாருக்கும் சொந்தமாக எதுவும் இல்லை. கம்பனெல்லாவுக்கு அது கனவு. அத்தைக்கு, அதாவது அப்பாயியின் தங்கை மகளுக்கு, நான்கு தலைமுறையாக ஆறாத புண். காணி உறுதி (நிலப் பத்திரம்) இல்லாததால் கூரைத் தகரம் மாற்றக்கூடத் தோட்டத்திடம் கேட்கவேண்டியிருக்கிறது. முன்காலத்தில் கடன் தீர்ந்தது என்று ‘துண்டு’ எழுதிக் கொடுத்தால்தான் ஒருவர் வேறு தோட்டத்துக்குப் போகமுடியும். அந்த முறையை 1921இல் ஒழித்தார்கள். மதில் இல்லாமலே மனிதரை அடைத்துவைக்க ஒரு காகிதம் போதுமானதாக இருந்திருக்கிறது.

மறுநாள் அத்தையோடு மலைக்குப் போனேன். இடுப்பில் படங்குச் சாக்கு, நெற்றியில் கயிறு, முதுகில் பை. இரண்டு கையும் சேர்ந்து ஓட, கண் அடுத்த செடிக்குப் போய்விடுகிறது. நிறுக்கும் இடத்தில் பைக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழித்தார்கள். அன்று மழையே இல்லை. குறித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். அத்தை ஒன்றும் பேசாமல் பையை உதறி மடித்துக்கொண்டார். எனக்குத்தான் கோபம் அடங்க வெகுநேரம் ஆனது.

இரவு அத்தைக்கு இருமல் வந்தது. காம்பராக்களுக்கு நடுவிலுள்ள சுவர் கூரைவரை எட்டுவதில்லை. சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது: “அக்கா, கொத்தமல்லி அவிச்சுத் தரவா?”

“வேணாம் புள்ள, படு.”

சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. இடுப்பில் குழந்தையோடு அந்தப் பெண், கையில் சுடச்சுடக் கோப்பை. அப்பாயி சொன்ன சொர்க்கம் எது என்று அப்போது பிடிபட்டது. அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் போனபிறகு அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டு, “கலியாணம் கட்டி ஒரே காம்பராவுல மாமன் மாமியோட இருக்குதுங்க மருமகனே. ஒரு சண்டைகூட வாய்விட்டுப் போட முடியாது” என்றார். அதுவும் அதே சுவர்தான். இந்த உறவை வைத்துக்கொண்டே ஒவ்வொரு குடும்பத்துக்கும் கதவடைத்துப் படுக்க ஓர் அறையும், காலூன்றி நிற்கக் கொஞ்சம் சொந்தக் காணியும் கேட்கிறார்கள். நியாயமான ஆசைக்கு இதைவிடச் சிறிய அளவு எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும் காலையில் ரொட்டியும் சம்பலும் வைத்தார். அம்மியில் இடித்த மாசி, துருவிய தேங்காய், செத்தல் மிளகாய். நான் கங்காணி கதையைச் சொன்னேன். அவருக்கும் தெரிந்திருந்தது.

“தேங்கா கீழ்நாட்டுல இருந்து வருது. மாசி கடையில அம்பது கிராம்தான் வாங்குவேன், நீங்க வாறீங்கன்னு நூறு வாங்கினேன்” என்றபடி என் தட்டில் இன்னொரு ரொட்டியைப் போட்டார்.