தவில் அடி கரகரத்தது எங்கே? நாயனக் கச்சேரி வீடியோக்களைச் சரிசெய்த அனுபவம்

எங்கள் ஊர் சிவன் கோயில் வைகாசித் திருவிழாவில் நடக்கும் நாயனக் கச்சேரிகளைச் சில ஆண்டுகளாக யூடியூபில் ஏற்றி வருகிறோம். பிழைப்புக்காக ஊரைவிட்டுப் போனவர்கள் கேட்கட்டும் என்று தொடங்கியது. சிங்கப்பூரிலிருந்து அத்தை மகன் கூப்பிட்டான். "அத்தான், தனி ஆவர்த்தனம் வந்தாலே ஒரே கரகரப்பு. காதே வலிக்குது." தவில் மட்டும் தனித்து முழங்கும் பகுதியைத்தான் சொன்னான். துபாயிலிருக்கும் இன்னொரு சொந்தக்காரர் சொன்னது வேறு: "போன்ல கேட்டா நாயனமே இல்ல. ஹெட்போன் மாட்டினாத்தான் வருது."

அந்தப் பதிவுகளில் ஒன்றில் வாசித்த வித்வானுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. அன்று இரவு அவர் எடுத்த தோடி ஆலாபனை இன்னொரு தடவை அப்படியே அமையப் போவதில்லை. எப்படியாவது சரிசெய்தாக வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

இரண்டு புகார்களையும் ஒரே கோளாறாக நினைத்திருந்தால் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். எடிட்டிங் மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். ஒவ்வொரு கச்சேரியிலும் ஒரே 30 விநாடிப் பகுதியை மூன்று இடங்களில் கேட்டேன்: கேமரா மெமரி கார்டில் இருந்த மூலக் கோப்பு, எடிட் செய்து எக்ஸ்போர்ட் ஆன கோப்பு, யூடியூபில் ஓடும் வீடியோ. மூன்றையும் ஒரே ஹெட்போனில், ஒரே ஒலி அளவில். கோளாறு எந்தப் படியில் முதலில் தலைகாட்டுகிறது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சில பதிவுகளில் மெமரி கார்டிலேயே தவில் உடைந்திருந்தது. ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டிங் மென்பொருளில் திறந்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். டிஜிட்டல் ஒலிக்கு 0 டெசிபெல் உச்சவரம்பு. அதில் முட்டும் அலையின் தலை தட்டையாகிவிடும். 'ஷோ கிளிப்பிங்' என்ற வசதி அப்படிப்பட்ட இடங்களைச் சிவப்பாகக் காட்டும். ஆனால் இங்கே சிவப்பே இல்லை. அலைகள் -6 டெசிபெலுக்கு மேல் போகவேயில்லை, இருந்தும் வெட்டிவிட்டதுபோல் தலைகள் எல்லாம் ஒரே உயரத்தில் தட்டை. ரெக்கார்டிங் அளவு குறைவாக இருந்தும் உடைந்திருக்கிறது என்றால், அந்த அளவைத் தீர்மானிக்கும் திருகுக்கு முன்னாலேயே உடைந்திருக்க வேண்டும்.

மைக் செட்காரர் அண்ணனிடம் கேட்டதும் விஷயம் வெளிவந்தது. எல்லா மைக்கின் ஒலியையும் சேர்த்துத் தரும் மிக்சரின் லைன் அவுட்டிலிருந்து வயர் இழுத்து, கேமராவின் மைக் ஜாக்கில் நேரே செருகியிருக்கிறார்கள். மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். மிக்சரின் லைன் அவுட் ஒரு வோல்ட்டையே தாண்டும். அத்தனை மின்னழுத்தம் உள்ளே நுழைந்ததும் கேமராவின் முதல் பெருக்கி திணறிவிடும். அதற்குப் பிறகு அளவை எவ்வளவு குறைத்தாலும் உடைந்த ஒலிதான் சன்னமாகப் பதிவாகும். நாயனம் ஓரளவு தப்பிக்கும், தவில் தப்பாது. தவிலின் வலதுபக்கமான வலந்தலையில் கூடு மாட்டிய விரல் விழும் அந்த நொடியில் எழும் உச்சம் மற்ற எல்லா ஒலியையும் விடக் கூர்மையானது.

இந்த வகைச் சேதத்தை முழுக்கச் சீராக்க வழி கிடையாது. ஆடாசிட்டியின் 'கிளிப் ஃபிக்ஸ்', தட்டையான தலைகள் இருந்திருக்கக்கூடிய வடிவத்தை அக்கம்பக்கத்து அலையை வைத்து ஊகித்து நிரப்பும். ஓரிரு அடி உடைந்திருந்தால் நன்றாகவே வேலை செய்கிறது. தனி முழுவதும் உடைந்திருந்தால் கொஞ்சம் மழுங்கும், அவ்வளவுதான்.

இரண்டாவது வகைதான் என்னை அதிகம் குழப்பியது. மெமரி கார்டில் தவில் கண்ணாடிபோல் இருக்கிறது. எக்ஸ்போர்ட் கோப்பிலும் குறை சொல்ல முடியவில்லை. யூடியூபில் கரகரக்கிறது. எந்தத் தளமாக இருந்தாலும் நாம் ஏற்றும் ஒலியை அப்படியே பரிமாறுவதில்லை. ஓபஸ், ஏஏசி போன்ற வடிவங்களுக்குச் சுருக்கித்தான் அனுப்பும். சுருக்கும்போது காதுக்குத் தெரியாது என்று கணிக்கும் நுணுக்கங்கள் கழிக்கப்படும். மீண்டும் விரியும் அலை மூல அலையின் அச்சு நகலாக இருக்காது. சில உச்சங்கள் முன்பிருந்ததைவிட ஒரு டெசிபெல்கூட உயர்ந்துவிடும். மூலத்தில் மேலே இடம் விட்டிருந்தால் ஒன்றும் ஆகாது. எடிட் செய்த தம்பி, சத்தம் கணீரென்று இருக்கட்டும் என்று உச்சங்களை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாமல் அமுக்கும் லிமிட்டரைப் போட்டு எல்லா உச்சத்தையும் 0 டெசிபெலில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். போதாததற்கு ஏஏசி 128 கேபிபிஎஸ்ஸில், அதாவது விநாடிக்கு வெறும் 128 கிலோபிட் தரவில், எக்ஸ்போர்ட். ஏற்கெனவே சுருங்கியதை யூடியூப் இன்னொரு முறை சுருக்கியது.

அந்தக் கணீர் எதற்கும் பயன்படவில்லை என்பதுதான் எனக்கு மனவருத்தம். கணினியில் ஓடும் வீடியோவின் மேல் வலது கிளிக் செய்து 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறந்தால் ஒலி அளவு என்று ஒரு வரி இருக்கும். எங்கள் வீடியோவில் 100% / 50% என்று காட்டியது, பக்கத்தில் 'கன்டென்ட் லவுட்னெஸ்' ஏறத்தாழ 6 டெசிபெல். எல்யூஎஃப்எஸ் என்பது காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு. -14 எல்யூஎஃப்எஸ்ஸைவிடச் சத்தமான வீடியோவை யூடியூப் அந்த அளவுக்கு இறக்கியே ஒலிக்கவிடும். மெல்லியதை ஏற்றாது. தவிலை நசுக்கிச் சம்பாதித்த சத்தத்தைக் கேட்பவர் காதுக்குப் போகும் முன் பாதியாக்கிவிட்டார்கள். நசுங்கல் மட்டும் மிஞ்சியது. நாயனக் கச்சேரியில் ஆலாபனையில் ஒரே ஸ்வரத்தை நீட்டி நிறுத்தும் கார்வைக்கும் தனியின் முழக்கத்துக்கும் உள்ள தூரம்தான் அழகு. அதை ஒரே மட்டமாக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாகிவிட்டேன்.

மூலக் கோப்பு நன்றாக இருந்ததால் இவை அத்தனையும் பிழைத்தன. லிமிட்டரை எடுத்தோம். அலை உண்மையில் எட்டும் உச்சமான 'ட்ரூ பீக்'கைக் காட்டும் இலவச மீட்டரான யூலீனை வைத்து, உச்சம் -2 டெசிபெலைத் தாண்டாதபடி மொத்த அளவையும் இறக்கினோம். எக்ஸ்போர்ட் 48 கிலோஹெர்ட்ஸ், ஏஏசி 384 கேபிபிஎஸ். ஸ்டீரியோவுக்கு யூடியூபே பரிந்துரைப்பது அதுதான். தனி ஆவர்த்தனத்தின் உரத்த ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி 'பட்டியலிடப்படாதது' என்ற அமைப்பில் ஏற்றி, கேட்டுப் பார்த்த பிறகுதான் முழுக் கச்சேரியையும் ஏற்றினோம்.

இனி துபாய்க்காரரின் புகார். போனில் நாயனம் காணாமல் போனது சுருக்கத்தால் அல்ல, கேபிளால். மிக்சரின் பேலன்ஸ்டு அவுட்டில் ஒரே ஒலி இரண்டு கம்பிகளில் போகும், ஒன்றில் நேராக, மற்றதில் தலைகீழாக. அதை ஸ்டீரியோ ஜாக்கில் செருகினால் கேமரா ஒன்றை இடது என்றும் இன்னொன்றை வலது என்றும் எடுத்துக்கொள்ளும். ஹெட்போனில் இரண்டு காதுக்கும் தனித்தனியாகப் போவதால் ஒலி ஏதோ தலைக்கு வெளியே நிற்பதுபோல் விநோதமாக இருக்கும், ஆனாலும் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கர் போன் இரண்டையும் கூட்டும். நேரும் தலைகீழும் சேர்ந்தால் பூஜ்ஜியம். இரண்டு பக்க அளவிலும் சிறு வித்தியாசம் இருந்ததால் சன்னமாக ஒரு மிச்சம் மட்டும் கேட்டது.

இதற்குத் தீர்வு எளிது, இழப்பும் இல்லை. ஆடாசிட்டியில் ஸ்டீரியோவைப் பிரித்து வலதுபக்கத்தை அழித்துவிட்டு, இடதை மோனோவாக்கி, அதாவது ஒற்றைத் தடமாக்கி, இரண்டு பக்கத்துக்கும் கொடுத்தால் போதும். வீட்டில் பரிசோதிக்க விரும்புபவர்கள் எக்ஸ்போர்ட்டுக்கு முன் மோனோவில் ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள். ஒலி திடீரென மெலிந்தால் இதுதான் காரணம்.

தேடும்போது சிக்கிய இன்னொன்று. ஒரு வருட நேரலையில் சுருதிப் பெட்டி விட்டுவிட்டுக் கேட்டது, நீண்ட கார்வைகள் நடுங்கின. நேரலை மென்பொருளில் 'நாய்ஸ் சப்ரஷன்' போட்டு வைத்திருந்தார்கள். பேச்சுக்கென்று உருவான வசதி அது. மாறாமல் ஒலிக்கும் எதையும் மின்விசிறி இரைச்சலாகவே பார்க்கும். சங்கீதத்துக்கு அதை அணைத்தே தீர வேண்டும். அந்தப் பதிவுக்கு வேறு மூலம் இல்லாததால் மீட்க முடியவில்லை.

இந்த வைகாசிக்கு மிக்சருக்கும் கேமராவுக்கும் நடுவே ஒலி அளவைக் குறைக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்று வைத்தோம். அது பேலன்ஸ்டு லைனை மோனோவாக்கி மைக் அளவுக்கு இறக்கித் தருகிறது. கேமராவின் தானியங்கி ஒலிக் கட்டுப்பாட்டை அணைத்துவிட்டு, நாயனத்தின் தொடக்க இசையான மல்லாரிக்கு முன் தவில்காரரை முழு வேகத்தில் ஓர் அறுதி (முடிப்புச் சொற்கட்டு) வாசிக்கச் சொல்லி, உச்சம் -12 டெசிபெலில் நிற்கும்படி வைத்தோம். கச்சேரி சூடுபிடித்ததும் அவர் இன்னும் ஓங்கி அடிப்பார், அதற்கும் மேலே இடம் வேண்டும்.

யூடியூபில் ஏற்றிய வீடியோவின் ஒலியை மட்டும் நம் கோப்பால் மாற்ற வழியில்லை. புதிதாகத்தான் ஏற்ற வேண்டும், இணைப்பும் மாறும். பழையவற்றின் கீழே பெரியவர்கள் பலர் வித்வானை வாழ்த்தி எழுதியிருந்ததால் அவற்றை நீக்கவில்லை. விளக்கக் குறிப்பின் முதல் வரியில் புதிய பதிவின் இணைப்பைப் போட்டிருக்கிறோம். தோடி இருக்கும் வீடியோவின் மூலம் நன்றாக இருந்தது. அதைத்தான் முதலில் மாற்றினோம்.