காந்தம் ஒட்டலைன்னா அது என்ன உலோகம்?

கோவையில் ஒரு பழைய இரும்புக் குடோனில் சரக்குத் தரம் பிரிக்கிற வேலை. பம்பும் மோட்டாரும் செய்கிற ஊர் இது, அதனால் இரும்பு, செம்பு, பித்தளை, அலுமினியம், எவர்சில்வர் எல்லாம் ஒரே சாக்கில் கலந்துகட்டி வந்து விழும். புதிதாகச் சேருகிற பையன்கள் முதலில் கேட்பது காந்தத்தைத்தான். சரி, கொடுப்போம். ஆனால் அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று பிடிபட அவர்களுக்குக் கொஞ்ச காலம் ஆகிறது.

பித்தளை முலாம் பூசிய இரும்புக் கைப்பிடி காந்தத்திடம் உடனே மாட்டிக்கொள்ளும். ஒட்டாத பொருளில்தான் வம்பு. 304 என்கிற ரக எவர்சில்வரில் சுமார் 70 சதவீதம் இரும்புதான், ஆனாலும் காந்தம் ஒட்டாது. அதே பாத்திரத்தில் வளைத்து அடித்த விளிம்பில் மட்டும் லேசாக இழுக்கும், அதைப் பார்த்துவிட்டு மட்டமான சரக்கு என்று ஒதுக்குகிற ஆட்களும் உண்டு. விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது. 304-ல் 8 சதவீதத்துக்குக் குறையாமல் நிக்கல் இருக்கும், 202-ல் அதில் பாதிதான், மீதியை மாங்கனீசு வைத்துச் சமாளித்திருப்பார்கள். நிறம், எடை, மினுமினுப்பு எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். இந்த இடத்தில் கையும் கண்ணும் காந்தமும் உதவாது, சோதனை ரசாயனம் ஒரு சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் மெஷின்.

எனக்குப் பிடித்தது தண்ணீர்ச் சோதனை. குரோம் முலாம் போட்ட குழாய்கள் மூட்டையாக வரும், சில பித்தளை, சில ஜிங்க் வார்ப்பு, வெளியே பார்த்தால் எல்லாம் பளபளவென்று ஒரே மாதிரி. நல்ல குழாய், திரும்ப விற்கலாம், அரம் வைக்காதே என்று கொண்டுவந்தவர் நிற்பார். சரி என்று வாஷர், பிளாஸ்டிக் பிடியெல்லாம் கழற்றிவிட்டு எடை போடுவோம், 340 கிராம் என்று வையுங்கள். அப்புறம் தராசின் மேல் ஒரு வாளித் தண்ணீர் வைத்து அது காட்டுகிற எடையைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு, குழாயை நூலில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் முழுதாக முக்க வேண்டும். உள்ளே காற்று தங்கினால் கணக்கே தப்பு, அதனால் முக்கியபடியே நாலைந்து தடவை சாய்த்துக் குலுக்குவோம், குமிழி வருவது நிற்கும்வரை. இப்போது தராசு காட்டுவது குழாய் அடைத்துக்கொண்ட இடத்துக்கு உண்டான தண்ணீரின் எடை. அது 40 காட்டினால் 340-ஐ 40-ஆல் வகுக்க 8.5, அதாவது தண்ணீரைப் போல 8.5 மடங்கு கனம், பித்தளைக்குச் சரியாக வருகிறது. 51 காட்டினால் சுமார் 6.7, ஜிங்க். கையில் தூக்கிப் பார்த்து இந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடுவேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை, கையில் தெரிவது எடை மட்டும்தான், அந்த எடை எவ்வளவு இடத்தில் அடங்கியிருக்கிறது என்பது தெரியாது.

மோட்டார் வைண்டிங் கம்பியில் ஏமாற்று வேறு மாதிரி. அலுமினியக் கம்பிக்கும் செந்நிற எனாமல் பூசி வருகிறது, சுருளாக இருக்கும்போது அசல் செம்பு போலவே தெரியும். பிளேடால் ஒரு சுரண்டு சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்தின் மேல் செம்பே பூசிய கம்பியும் உண்டு, அதற்குச் சுரண்டினால் போதாது, வெட்டி நுனியைப் பார்க்க வேண்டும். அதே கணக்கில் செம்பு 8.96, அலுமினியம் 2.7 என்பதால் பெரிய சுருளாக இருந்தால் தூக்கும்போதே சந்தேகம் வந்துவிடும்.

இரும்பிலேயே எந்த இரும்பு என்பதற்குக் கிரைண்டர். மைல்டு ஸ்டீல் நீளமாகக் கோடு கோடாகப் பொறி விடும், கார்பன் ஏற ஏறப் பொறி கிளை கிளையாக வெடிக்கும், வார்ப்பிரும்பில் குட்டையாக, மங்கலான சிவப்பாக வரும். வெயிலில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நிழலுக்குக் கொண்டு போக வேண்டும்.

இப்போது எக்ஸ்ரே துப்பாக்கி வந்துவிட்டது, வைத்து அழுத்தினால் சில நொடியில் சதவீதம் காட்டுகிறது. ஆனால் அது பார்ப்பது மேல்தோலை மட்டும். ஜிங்க் குழாய்களில் குரோமுக்கும் நிக்கலுக்கும் அடியில் செம்புப் பூச்சு ஒன்று கொடுத்திருப்பார்கள், அதையும் சேர்த்துத் திரையில் போட்டுவிடும். பித்தளையும் செம்பும் ஜிங்கும் கலந்ததுதான், அதனால் “செம்பும் ஜிங்கும் காட்டுதே, அப்ப பித்தளைதானே அண்ணா?” என்று கொண்டுவந்தவர் விலை பேச ஆரம்பிப்பார். அரத்தால் நாலு இழுப்பு இழுத்துவிட்டு, அதே இடத்தில் துப்பாக்கியை மறுபடி வைப்போம்.