மடிப்பாக்கம் வீடு விற்பனைக்கு: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 29, 2025, ஞாயிறு

அம்மா ஒருவழியாகச் சரி என்று சொல்லிவிட்டாள். முழங்கால் வலியோடு தனியாக அங்கே இருக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். இப்போது என்னோடு குரோம்பேட்டையில்தான் இருக்கிறாள். புனேயிலிருந்து தம்பியும் போனில் பேசி முடித்துவிட்டான். வீட்டை விற்கிறோம்.

அப்பா உயில் எழுதவில்லை. அதனால் அம்மா, நான், தம்பி மூவருக்கும் சமபங்கு. மூவரும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம். வாரிசுச் சான்று போன வருடமே தாசில்தார் அலுவலகத்தில் வாங்கி வைத்தாயிற்று.

மனை 1,800 சதுர அடி, முக்கால் கிரவுண்டு. முப்பதடி ரோடு, வடக்கு வாசல். 1989-ல் கட்டியது. மடிப்பாக்கம் அப்போது பஞ்சாயத்து. 2011-ல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது. 2003-ல் அப்பா மாடியில் ஓர் அறை எடுத்தார். இதே நிலையில் இருக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் தேதி போட்டு எழுதிப் பதிகிறேன்.

ஜூலை 5, சனி

விலை என்ன சொல்வது? எதிர்வீட்டு மாமா ஒன்று சொல்கிறார், பால் பூத்தில் ஒன்று சொல்கிறார்கள். இணையத்தில் விளம்பரங்களைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. அதெல்லாம் விற்பவர் கேட்கிற விலை. விற்ற விலை அங்கே எங்கும் இருக்காது.

நான் வேறு வழியில் போனேன். பதிவுத்துறை இணையதளத்தில் தெருவின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலையைப் பார்த்தேன். பிறகு பக்கத்து மனைகளின் சர்வே எண்ணைப் போட்டு வில்லங்கம் பார்த்தேன். காசு கொடுக்காமலே யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எந்த மனை எந்த வருடம் கை மாறியது, பத்திரத்தில் எவ்வளவு போட்டார்கள் என்று வரிசையாக வந்துவிடுகிறது. பத்திரத்தில் போட்ட தொகையை அப்படியே நம்ப முடியாதுதான். ஆனால் கிரயத்தை ஒட்டியே வங்கிக்கு அடமானம் பதிவாகியிருந்தால், வாங்கியவர் கடன் போட்டு வாங்கியிருக்கிறார் என்று அர்த்தம். அந்தத் தொகை பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். எங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்ட பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்துச் சதுர அடிக்குக் கணக்குப் போட்டதில் எட்டாயிரத்தை ஒட்டி வருகிறது.

இன்னொன்றும் மூவரும் பேசி முடித்தோம். முழுத் தொகையும் வங்கி வழியாகத்தான். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது சட்டம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அம்மா பெயரில் கணக்கில் வராத பணம் ஒரு பைசா இருந்தாலும் எனக்குத் தூக்கம் வராது.

ஜூலை 12, சனி

இன்று தரகர்களைப் பார்க்கிற நாள்.

முதலில் வந்தவர் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர். அப்பாவைத் தெரிந்தவர். "உங்க கைக்கு சதுர அடிக்கு ஏழாயிரத்து ஐநூறு. அதுக்கு மேல வர்றது என்னோடது. கமிஷனே வேணாம்மா" என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாங்குபவர் எவ்வளவு கொடுக்கிறார் என்பது நமக்குத் தெரியவே தெரியாது. விற்பவரையும் வாங்குபவரையும் நேருக்கு நேர் பேசவிடாமல் வைத்தால்தான் இந்த ஏற்பாடு நடக்கும். அம்மாவுக்கு அவர் மேல் மரியாதை உண்டு, எனக்கும் உண்டு. வேண்டாம் என்று பக்குவமாகச் சொல்லி அனுப்பினோம்.

அடுத்து ஒரு கம்பெனியிலிருந்து வந்த இளைஞன். கையில் டேப்லெட், பளபளவென்று படங்கள். "ஒன்பதாயிரத்து ஐநூறுக்கு முடிச்சுத் தரோம் மேடம்" என்றான். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டால் அதே இணைய விளம்பரங்களைத்தான் காட்டினான். ஆறு மாதத்துக்கு அவர்களைத் தவிர வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது, நாங்களே ஆள் பிடித்தாலும் கமிஷன் உண்டு என்று ஒப்பந்தத்தில் இருந்தது. பெரிய விலை சொல்லி வீட்டைக் கைக்குள் வைத்துக்கொண்டு, இரண்டு மாதம் கழித்து "மார்க்கெட் டல்லா இருக்கு" என்று இறக்குவது இந்தத் தொழிலில் பழைய பழக்கம். அதிக விலை சொல்பவர்தான் அதிக விலைக்கு விற்றுத் தருவார் என்று நினைப்பது தப்பு.

மூன்றாமவர் ஒரு பில்டரின் ஆள். ஆளுக்குப் பாதி, கூட்டாக ஃபிளாட் கட்டலாம் என்றார். நாங்கள் விற்கத்தான் விரும்புகிறோம் என்றதும், "அப்போ எங்க பேர்ல ஒரு பவர் எழுதிக் குடுத்துடுங்க, நீங்க அலையவே வேணாம்" என்றார். விற்கும் அதிகாரத்தையே முன்பின் தெரியாதவர் கையில் எழுதிக் கொடுப்பதா? அம்மாவே எழுந்து நின்று, "காபி சாப்பிட்டுப் போங்க" என்று பேச்சை முடித்துவிட்டாள்.

மூன்று பேரும் சமையலறை வரை போய்ப் பார்த்தார்கள். பத்திரத்தை எடுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

அலுவலகத் தோழி சொல்லி ஒரு பெண் தரகர் வந்தார். வேளச்சேரிப் பக்கம். முன்பு ஒரு பத்திர எழுத்தரிடம் பல வருடம் வேலை பார்த்தவராம். செருப்பைக் கழற்றி உள்ளே வந்தவர் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை. "மேடம், மூலப் பத்திரம், பட்டா, பிளான் மூணையும் காட்டுங்க. அப்புறம் வீட்டைப் பார்க்கலாம்" என்றார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அப்பாவின் கிரயப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகப் படித்தார். நான்கு எல்லைகளையும் விரல் வைத்துப் பார்த்தார். போனிலேயே 1985-லிருந்து வில்லங்கம் போட்டார். ஓரிடத்தில் விரல் நின்றது. "1988-ல ஒரு அடமானம் இருக்கே மேடம். கூட்டுறவு வீடு கட்டும் சங்கம். ரசீது பதிவு பண்ணலையா?"

அப்பா அந்தக் கடனை அடைத்துவிட்டார். அடைத்ததற்குச் சங்கம் கொடுத்த கடிதம்கூட பீரோவில் இருக்கிறது. ஆனால் அடமானம் பதிவானது போலவே, அது தீர்ந்ததற்கான ரசீதும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவாகாத வரை வில்லங்கத்தில் அந்த வரி நின்றுகொண்டே இருக்கும். "வாங்கறவங்க லோன் போட்டா பேங்க் வக்கீல் இதைத்தான் முதல்ல பிடிப்பார். அட்வான்ஸ் வாங்கினப்புறம் தெரிஞ்சா விலையை இறக்கக் கேப்பாங்க. இப்பவே சரி பண்ணிடலாம்."

எனக்கு அப்போதே முடிவாகிவிட்டது. இருந்தாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். எங்களிடம் ஒரு சதவீதம், வாங்குபவரிடம் ஒரு சதவீதம். இரண்டு பக்கமும் வாங்குவதை மறைக்காமல் சொன்னார். ரெரா, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு இருக்கிறதா என்றேன். இருக்கிறது என்று எண்ணைக் காட்டிவிட்டு, "இது புது புராஜெக்ட் விற்கத்தான் கட்டாயம். உங்க வீடு மாதிரி மறுவிற்பனைக்கு அந்தச் சட்டம் வராது மேடம்" என்று விளக்கினார். அதைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். போன வருடம் அவர் விற்றுக் கொடுத்த வீட்டுக்காரர்களின் எண்ணையும் தந்தார். மாலையில் பேசினேன், நல்லபடியாகச் சொன்னார்கள். மூன்று மாதம் அவர் ஒருவர் மட்டும், வாங்குபவர் எங்களிடம் நேரடியாகத்தான் பேச வேண்டும், கமிஷனில் பாதி ஒப்பந்தத்தன்று, மீதி கிரயத்தன்று என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

ஆடியில் வீடு பார்க்க யாரும் வரமாட்டார்கள். அதுவே நல்லதாகப் போயிற்று. சங்கத்தில் ரசீது வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பழைய பேரேட்டைத் தேடவே அவ்வளவு நாள். ஒருவழியாகப் போன வாரம் பதிவாகிவிட்டது. பட்டாவில் மூவர் பெயரும் ஏற மனு கொடுத்திருக்கிறோம். சொத்து வரி, தண்ணீர் வரி, மின் கட்டண ரசீதுகள் ஒரு ஃபைலில்.

இன்று விளம்பரத்துக்குப் படம் எடுத்தோம். காலை எட்டு மணிக்கே வரச் சொல்லியிருந்தார் தரகர். அந்த நேரத்தில்தான் ஹாலுக்குள் வெயில் நேராக விழுகிறது. சாமான்களைப் பாதிக்கு மேல் என் வீட்டுக்கு மாற்றிவிட்டதால் அறைகள் அகலமாகத் தெரிந்தன. பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டார். புதுப் பெயிண்டைப் பார்த்தால் எதை மறைக்கிறார்கள் என்றுதான் சுவரைத் தட்டிப் பார்ப்பார்களாம். குழாயை மாற்றி, மாடிப்படி விளக்கைச் சரி செய்ததோடு நிறுத்தினோம். தெருவின் அகலம் தெரிகிற மாதிரி ஒரு படம், நிலத்தடித் தொட்டி (சம்ப்), போர்வெல், மொட்டைமாடி ஒவ்வொன்றுக்கும் ஒரு படம்.

விளம்பர வாசகத்தில்தான் பேச்சு நீண்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் இரண்டாவது படி வரை வந்தது, வீட்டுக்குள் வரவில்லை. 2023-ல் மிக்ஜாம் புயலின்போது தெருவில் தண்ணீர் நின்றது. இதை எழுத வேண்டும் என்றேன். தம்பி வேண்டாம் என்றான். மடிப்பாக்கம் என்றாலே முதல் கேள்வி அதுதான், கேட்கும் முன்பே நாம் சொல்லிவிடுவோம் என்றேன். தரகரும் என் பக்கம் நின்றார். மாடி அறைக்கு அனுமதி பெற்ற பிளான் இல்லை என்பதையும் சேர்த்தோம். கேட்கும் விலை சதுர அடிக்கு 8,500.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆவணி பிறந்ததும் போன் அடிக்க ஆரம்பித்தது. கூடவே ஒரு தலைவலி. எங்கள் வீட்டுப் படங்களை எடுத்து, வேறு இரண்டு பேர் வேறு வேறு விலையில் விளம்பரம் போட்டிருக்கிறார்கள். ஒன்றில் 7,900, இன்னொன்றில் 9,200. பார்க்க வந்த ஒருவர் வாசலில் நின்றபடியே மூன்றையும் போனில் காட்டி, "இதுல எதுங்க நிஜம்?" என்றார். வீட்டின் மதிப்பைக் கெடுக்க இதைவிட வேறு வழி வேண்டாம். தரகர் அந்த இணையதளங்களுக்கு எழுதி இரண்டையும் எடுக்க வைத்தார். படங்களின் மேல் தன் பெயரைப் போட்டு மறுபடி ஏற்றினார். கேட்டில் போர்டு மாட்ட வேண்டாம் என்று அவர் முன்பே சொன்ன காரணம் இப்போது புரிகிறது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள். பெரும்பாலும் இடிக்க வந்தவர்கள். வீட்டுக்குள்ளேயே வராமல் ரோட்டை மட்டும் அளந்துவிட்டு, "கட்டடத்துக்கு மதிப்பு கிடையாதுங்க, மனைக்குத்தான் விலை" என்றார்கள். கணக்குப்படி அது சரியாக இருக்கலாம். அம்மா கேட்கிற தூரத்தில் சொல்லியிருக்க வேண்டாம்.

மாலையில் கீழ்க்கட்டளையில் வாடகைக்கு இருக்கும் ஒரு தம்பதி வந்தார்கள். அந்தப் பெண் நேராகப் படிக்கட்டுக்குப் போய், "எந்தப் படி வரைக்கும்மா வந்துச்சு?" என்று அம்மாவிடம் கேட்டாள். அம்மா குனிய முடியாமல் கைத்தடியால் காட்டினாள். கணவர் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரைக் கையில் பிடித்து வாயில் வைத்துப் பார்த்தார். மேடவாக்கம் மெயின் ரோட்டு மெட்ரோ வேலை முடிந்தால் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்று கேட்டார். இவர்கள் இடிக்கப்போவதில்லை, குடியிருக்கப் போகிறார்கள். நாங்கள் இருக்கும்போதே பக்கத்து வீட்டிலும் போய் வெள்ளத்தைப் பற்றி விசாரித்தார்கள். அங்கேயும் அதே பதில்தான் கிடைத்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

கீழ்க்கட்டளைத் தம்பதியோடு பேரம் 8,000-ல் நின்றது. மொத்தம் 1 கோடியே 44 லட்சம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று ஒன்பது சதவீதம் வாங்குபவர் தலையில்தான். கிட்டத்தட்ட 13 லட்சம். அதைச் சொல்லித்தான் குறைக்கக் கேட்டார்கள். நியாயம்தான். ஒரு பில்டர் 8,200 தருவதாகச் சொன்னார், ஆனால் அதில் ஒரு பகுதி ரொக்கம். வேண்டாம் என்றோம்.

ஆடிட்டரையும் பார்த்தோம். 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் வாங்குபவர் நமக்குத் தரும் தொகையில் ஒரு சதவீதத்தை டிடிஎஸ், அதாவது நம் கணக்கில் வருமான வரியாகப் பிடித்துக் கட்ட வேண்டும். "ஆளுக்கு 48 லட்சம்தானே வருது?" என்று தம்பி கேட்டான். 2024 அக்டோபரிலிருந்து மொத்தத் தொகையைத்தான் பார்க்க வேண்டுமாம். ஆகவே எங்கள் மூவரின் பான் எண்ணிலும் தனித்தனியாக 48,000 பிடிப்பார்கள். ஆதாய வரிக்கு 2001 ஏப்ரல் 1 மதிப்பை எடுத்து, பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதமா, கழிக்காமல் 12.5 சதவீதமா, எது குறைவு என்று பார்த்துக் கட்டலாம். அம்மாவின் பங்கில் வரும் ஆதாயத்தை ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி. போன்ற வரி விலக்குப் பத்திரங்களில் போடலாம். 50 லட்சம் வரை இடம் உண்டு. ஐந்து வருடம் எடுக்க முடியாது, வட்டி வரும். தம்பி வேறு வீடு பார்க்கிறான். அவனுக்கு இரண்டு வருடம் அவகாசம்.

செப்டம்பர் 12, வெள்ளி

புரட்டாசிக்கு முன்பே கிரய ஒப்பந்தம் பதிவாகிவிட்டது. வங்கி வக்கீல் ஃபைலைப் பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே ஒரு கேள்வி, மாடி அறையைப் பற்றி. அதை விளம்பரத்திலேயே சொல்லிவிட்டோம் என்றதும், அந்த அறையைச் சேர்க்காமல் மதிப்புப் போட்டுக்கொண்டார்கள். அட்வான்ஸ் 15 லட்சம் மூவர் கணக்கிலும் சமமாக வந்தது. தரகருக்குப் பேசியபடி பாதி, 72,000, செக்காகக் கொடுத்தேன். அங்கேயே ரசீது எழுதிக் கொடுத்தார்.

கிரயத்தை ஐப்பசியில் வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு வீட்டாரும் பேசியிருக்கிறோம். தீபாவளிக்குத் தம்பி வருகிறான். அதை ஒட்டிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போடச் சொல்லியிருக்கிறேன். அதற்குள் மின் இணைப்பின் பெயர் மாற்றத்துக்கான காகிதங்களும் இந்த அரையாண்டுச் சொத்து வரியும் பாக்கி. பீரோவை என்ன செய்வது என்று அம்மா இன்னும் சொல்லவில்லை. வாங்குபவர்கள் அதை எங்களுக்கே விட்டுவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.