பதில் வராத வாரங்கள்

15 ஒக்டோபர் 2025, புதன், ஹரோ

பிரித்தானியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில், மருத்துவப் படிப்புக்கான விண்ணப்பங்கள் இன்று மாலை ஆறு மணியுடன் மூடப்பட்டன. மகள் தன்னுடையதைச் சென்ற வாரமே அனுப்பிவிட்டாள் என்றாலும், அந்த நேரம் வந்தபோது இருவரும் மேசையருகே பேசாமல் அமர்ந்திருந்தோம். ஐந்து தெரிவுகளில் நான்கை மட்டுமே மருத்துவத்துக்குக் கொடுக்கலாம் என்பதால், ஐந்தாவதாக உயிர்மருத்துவ அறிவியலை இட்டிருக்கிறாள். மருத்துவச் சேர்க்கைக்கான யூகாட் தேர்வில் 2700க்கு 2010 புள்ளிகள் பெற்றிருக்கிறாள்; இது நல்ல புள்ளிதான், ஆனால் எந்தக் கதவையும் தானாகத் திறக்கும் புள்ளியல்ல. சில பல்கலைக்கழகங்கள் யூகாட்டை மட்டும் வைத்து வரிசைப்படுத்தி ஒரு வெட்டுப்புள்ளியில் நிறுத்திவிடுகின்றன. வேறு சில, பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்ஈ பரீட்சையின் பெறுபேறுகளையும் சேர்த்துக் கணக்கிடுகின்றன. எதில் தனக்கு இடமிருக்கும் என்று முன்னைய ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளை எழுதி எழுதிப் பார்த்தே அவளுடைய செப்டெம்பர் கழிந்தது.

21 நவம்பர் 2025, வெள்ளி

அவளுடைய வகுப்புத் தோழிக்கு முதலாவது நேர்முகத் தேர்வு அழைப்பு வந்துவிட்டது. மகிழ்ச்சியுடன்தான் வந்து சொன்னாள், இடியப்பமும் சொதியும் வழக்கம்போல் சாப்பிட்டாள், பிறகு மேலே போய் விளக்குப் போடாமல் படுத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே போய், நாள்தோறும் கேட்பதையே மறுபடியும் கேட்டேன்.

"அம்மா, வந்தால் நான் சொல்லாமல் இருப்பனோ? நீங்கள் கேக்கேக்க ஒவ்வொரு நாளும் எனக்கு ஒருக்கால் இல்லையெண்டு வருது."

இனிக் கேட்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன்.

9 டிசம்பர் 2025, செவ்வாய்

முதலாவது மறுப்பு வந்தது. விண்ணப்பத்தில் ஒரு மாற்றம் ஏற்பட்டிருக்கிறது என்று மட்டுமே யூகாஸின் மின்னஞ்சல் சொல்கிறது; என்ன மாற்றம் என்பதைக் கடவுச்சொல் கொடுத்து உள்ளே சென்றுதான் பார்க்க வேண்டும். ஆனால் நேர்முக அழைப்பைப் பல்கலைக்கழகங்களே நேரடியாக அனுப்புவதால், இந்த மாதங்களில் யூகாஸிடமிருந்து ஒரு கடிதம் வந்தாலே அது என்னவென்று பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடுகிறது. தெரிந்தபின்னும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டியிருப்பது கொடுமை.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் போரினால் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறினோம். அடுத்த ஆண்டு உயர்தரப் பரீட்சை எழுதினேன். இலங்கையில் மருத்துவ பீடத்துக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. பரீட்சைப் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடுமே தீர்மானித்தன. எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே நாளில் தெரிந்து, ஒரே நாளில் அழுது, அம்மாவின் மடியில் முடிந்தது அந்தத் துயரம். என் மகளுக்கு அதே ஏமாற்றம் நான்கு தவணைகளில் வருகிறது. இடையிலுள்ள வாரங்களில் அவள் பள்ளியின் இறுதிப் பரீட்சையான ஏ லெவலுக்கு வேதியியலும் படிக்க வேண்டியிருக்கிறது. என் அனுபவத்தைச் சொல்லித் தேற்றலாம் என்றிருந்தேன். இது அதுவல்ல என்று இன்றுதான் விளங்கியது.

3 ஜனவரி 2026, சனி

முதியோர் இல்லத்துக்கு இன்றும் போனாள். விண்ணப்பத்தில் எழுதுவதற்காகவே சென்ற ஆண்டு அங்கே தொடங்கினாள் என்பதை மறைக்க வேண்டியதில்லை; அது எழுதி அனுப்பியாயிற்று. இன்று காலை மழையில் புறப்பட்டபோது, ஒரு கிழமை ஓய்வெடுக்கலாமே என்றேன். அங்கே விழுங்குவதற்குச் சிரமப்படும் பெரியவர் ஒருவர் இருக்கிறாராம். கெட்டியாக்கும் மாக் கலந்த தேநீரை அவர் வெறுக்கிறாராம். பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கதைத்துக்கொண்டிருந்தால்தான் குடித்து முடிப்பாராம். மாலை திரும்பியதும் அவரைப் பற்றியே நெடுநேரம் பேசினாள். நான்கு கிழமைகளுக்குப் பிறகு அவளுடைய குரல் அவளுடைய குரலாக இருந்தது.

15 ஜனவரி 2026, தைப்பொங்கல்

இரண்டாவது மறுப்பு நேற்று இரவு வந்தது. இன்று காலை பால் பொங்கி வழிந்தபோது அவளும் வந்து கைகூப்பி நின்றாள். பத்து மணிக்கு ரொறன்ரோவிலிருந்து என் அக்கா தொலைபேசியில் அழைத்து, "எங்கட டொக்டர் என்ன செய்யிறா?" என்று கேட்டார். ஒலிபெருக்கியில் இருந்ததால் அவளும் கேட்டாள்.

அந்தச் சொல்லை அக்காவுக்குக் கொடுத்தது நான்தான். அவளுக்குப் பதினொரு வயதாக இருந்தபோதே சொல்லத் தொடங்கி, கோயிலிலும் கலியாண வீடுகளிலும் சொல்லி, எனக்குக் கிடைக்காத ஒன்றை அவளுடைய பெயருக்கு முன்னால் ஒட்டி வைத்தேன். மாலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கும் விருப்பம்தானே அம்மா" என்றாள். அது உண்மை என்றே நம்புகிறேன். ஆயினும் ஏமாற்றத்தில் ஒரு பங்கு வெட்கமாக மாறியது என்னால் என்பதும் உண்மை. ஒவ்வொருவராக அழைத்து, இனி இதைப் பற்றி அவளிடம் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அக்கா சற்று மனம் நொந்தார்.

30 ஜனவரி 2026, வெள்ளி

மூன்றாவதும் இல்லையென்று ஆனது. இம்முறை அவளாகவே பேச வந்தாள். ஐந்தாவது தெரிவை ஏற்று, பட்டத்துக்குப் பின் நான்கு ஆண்டு மருத்துவப் படிப்புக்கு முயலலாம் என்பது என் எண்ணம். அதற்கான போட்டி இதைவிடக் கடுமையானது என்று அவள் எடுத்துக் காட்டினாள். ஓர் ஆண்டு மருத்துவமனையில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்து, மறுபடியும் விண்ணப்பிக்க விரும்புகிறாள். இந்த ஆண்டின் யூகாட் புள்ளி அடுத்த விண்ணப்பத்துக்குச் செல்லாது. கோடையில் மீண்டும் எழுத வேண்டும். ஓர் ஆண்டு வீணாகிவிடுமே என்ற வார்த்தை என் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. வீணாகும் என்று நான் உண்மையில் நினைக்கவுமில்லை, பயப்படுகிறேன்.

20 பெப்ரவரி 2026, வெள்ளி

நான்காவது பல்கலைக்கழகம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. மார்ச் மாதத்திலும் அங்கே நேர்முகத் தேர்வுகள் நடக்கின்றன என்பதால், காத்திருப்பதில் பொருள் இருக்கிறது, நிரம்ப இல்லை.

டிசம்பரில் அலமாரியில் போட்டுவிட்ட நேர்முகத் தேர்வுப் பயிற்சி அட்டைகளை இன்றிரவு அவளே எடுத்து வந்தாள். கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் தொடக்கி வைத்த நேர்முக முறைக்கானவை அவை: ஒருவர் முன்னால் நீண்ட நேரம் இருப்பதற்குப் பதிலாக, பல சிறு நிலையங்களைச் சுற்றிச் சென்று, ஒவ்வொன்றிலும் சில நிமிடங்களுக்குள் ஒரு நிலைமையைக் கையாள வேண்டும். அழைப்பே இல்லாமல் எதற்கு என்று நான் கேட்கவில்லை. தாயின் சத்திரசிகிச்சை மூன்றாம் முறையாகத் தள்ளிப்போனதால் கோபத்துடன் நிற்கும் மகனாக நான் நடிக்க வேண்டும் என்றாள். சமையலறை மணியை ஐந்து நிமிடத்துக்கு வைத்துவிட்டு, அவள் கதவைத் தட்டி உள்ளே வரும்வரை காத்திருந்தேன்.