கணையக் கட்டியை எடுத்து 13 வருஷம்

2012 ஆவணியில் எனக்கு அறுவை நடந்தது. இரண்டு மாதம் முன்பே கண் மஞ்சளாகிவிட்டது. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ராத்திரியானால் உள்ளங்கையும் உள்ளங்காலும் அப்படி அரிக்கும். மஞ்சள்காமாலை என்றால் எங்கள் மேலூர்ப் பக்கம் முதலில் கீழாநெல்லிதான். மோரில் கலந்து மூன்று வாரம் குடித்தேன், பத்தியமும் இருந்தேன். மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது, சிறுநீர் கடுங்காப்பி நிறம். மஞ்சளோடு இந்த இரண்டும் சேர்ந்தால் பித்தநீர்க் குழாயில் அடைப்பு இருக்கலாம் என்பது எனக்கும் தெரியவில்லை, மருந்து கொடுத்தவருக்கும் தெரியவில்லை. யாருக்காவது இப்படி இருந்தால் தயவுசெய்து நாளைக் கடத்தாதீர்கள், ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.

ஸ்கேனில் கணையத்தின் தலைப்பகுதியில் 3 செ.மீ. கட்டி. பித்தநீர்க் குழாய்க்குள் ஸ்டென்ட் என்கிற சின்னக் குழலை வைத்து மஞ்சளை இறக்கினார்கள். அதற்குள் விஷயம் ஊருக்குப் பரவி, சாத்துக்குடிப் பையோடு சொந்தபந்தம் வர ஆரம்பித்தது. ஆப்பிள் கம்பெனி ஸ்டீவ் ஜாப்ஸ் கணையப் புற்றில் இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "அம்புட்டுப் பணம் இருந்தும் அவரையே காப்பாத்த முடியலையே, மாப்பிள்ளைக்கு என்ன செய்ய" என்று வராந்தாவில் மாமா பேசியது உள்ளே எனக்குக் கேட்டது. என் மனைவிக்கும் கேட்டது. அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

விப்பிள் அறுவை. கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தநீர்க் குழாயில் ஒரு பகுதி, இவ்வளவையும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடலோடு இணைத்தார்கள். ஏழு மணி நேரம் ஆனது. வயிறு பழையபடி வேலை செய்யப் பத்து நாள் பிடித்தது, அதுவரை மூக்கில் குழாய்.

பயாப்ஸி வந்த அன்று டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அய்யா, இது எல்லாரும் பயப்படுற கணையப் புற்று இல்லை. நியூரோ எண்டோகிரைன் கட்டி. ஹார்மோன் சுரக்கிற செல்லில் வர்றது. உங்களுக்கு கிரேடு ஒண்ணு, மெதுவாத்தான் வளரும்" என்றார். கணையப் புற்று வருகிற நூறு பேரில் பத்துப் பேருக்குக்கூட இந்த வகை இருக்காது. ஜாப்ஸுக்கு வந்ததும் இதே வகைதான், 2003-ல் கண்டுபிடித்து 2011 வரை இருந்தார் என்பது அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. வராந்தாவில் பேசியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை.

வீட்டுக்கு வந்த பிறகுதான் நிஜமான பாடு. 72 கிலோ இருந்தவன் 51-க்கு வந்துவிட்டேன். எது சாப்பிட்டாலும் எண்ணெய் மிதக்க மிதக்க வெளியே போகும், எத்தனை வாளி தண்ணீர் ஊற்றினாலும் பேசினில் ஒட்டிக்கொண்டு போகாது. கணைய நொதி குறைந்துபோனதால் கொழுப்பு செரிக்கவில்லை. அதற்கு மாத்திரை இருந்தது, நானும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் மற்ற மாத்திரை மாதிரி சாப்பாடு முடிந்த பிறகு. நாலு மாதம் இப்படியே வீணானது. முதல் வாயோடு போட வேண்டும், சாப்பாடு நீண்டால் நடுவில் இன்னொன்று, என்று ஒரு நர்ஸம்மாதான் சொல்லிக்கொடுத்தார். பத்தே நாளில் வித்தியாசம் தெரிந்தது. இன்றைக்கும் கல்யாண வீட்டில் இலை போட்டதும், உப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மாத்திரையை எடுத்து வைத்துவிட்டுத்தான் சோற்றில் கை வைப்பேன்.

2016-ல் சர்க்கரை வந்தது. கணையம் குறைந்தவர்களுக்குச் சர்க்கரை ஏறவும் செய்யும், திடீரென்று இறங்கவும் செய்யும். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன் மல்லிகை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருமுறை கை நடுங்கித் தராசைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து சட்டைப் பையில் கற்கண்டு இருக்கும்.

2019 ஸ்கேனில் கல்லீரலில் ஒரு புள்ளி. இந்த வகைக் கட்டியைத் தேடிக் காட்டுகிற காலியம் டோட்டாடேட் பெட் ஸ்கேன் எடுத்தார்கள், அதே வகைக் கட்டிதான். அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கட்டி வளராமல் தடுக்க 28 நாளைக்கு ஒருமுறை ஆக்ட்ரியோடைட் என்கிற ஊசி போட ஆரம்பித்தார்கள், இன்னும் போடுகிறேன். புள்ளி இருக்கிறது, வளரவில்லை. இந்த வகை பத்து வருஷம் கழித்தும் திரும்பலாம், அதனால் ஒரு ஸ்கேனைக்கூட நான் தள்ளிப்போட்டதில்லை.

போன வாரம் உசிலம்பட்டியிலிருந்து ஒரு தம்பி அவர் அப்பாவைக் கூட்டிவந்தார். அறுவை முடிந்து ஒரு மாதம். "கணையத்துல கேன்சர்ணே" என்றார். எந்த வகை என்று கேட்டேன். தெரியவில்லை, பயாப்ஸி ரிப்போர்ட்டை இன்னும் வாங்கவே இல்லை. டீயைக் கொடுத்து, முதலில் அதை வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். புதன்கிழமை வருகிறார்கள்.